பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) மிஞ்சுகிற சாப்பாட்டைப் பசித்த வீடுகளுக்குக் கொண்டு சேர்ப்பது எப்படி?

மூணாம்டிவிஷன் கேட்கிறார்:

அண்ணன், அக்காமார்களுக்கு வணக்கம். மலேசியா, பேரா மாநிலம், சுங்கை சிப்புட் பக்கம், தோட்டத்தை ஒட்டின தாமான் (குடியிருப்பு) எங்களுடையது. நாங்கள் 12 பேர், வயது 16 முதல் 21 வரை. 2024-ல் உலகத்தில் 673 மில்லியன் பேர் பட்டினி என்று ஐநா அறிக்கை சொல்கிறது. பேசிக்கொண்டே இருக்காமல் ஏதாவது செய்யலாம் என்று ஒரு திட்டம் போட்டோம்.

வாரம் ஒரு நாள் பாசார் மாலாம். ராத்திரி 10 மணிக்கு மூடும்போது மிஞ்சுகிற நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு), மீ கோரெங் (வறுத்த மீ), கறி வகைகளை வாங்கி, தாப்பாவ் பெட்டியில் போட்டு, மறுநாள் காலையில் லயத்திலும் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) தாமானிலும் 40 வீடுகளுக்குக் கொடுப்பது. கல்யாண மண்டபத்தில் மிஞ்சுவதையும் எடுப்பது. காய்கறி கிடைத்தால் அதுவும். ஒருவரின் அப்பா வேன் தருகிறார்.

கேள்விகள்: சாப்பிட்டு யாருக்காவது வயிற்றுக்கு ஆகாமல் போனால் எங்கள் மேல் வழக்கு வருமா? எதை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது? எந்த வீட்டுக்குக் கொடுப்பது? இதற்கும் உலகப் பசிக்கும் உண்மையில் தொடர்பு உண்டா, இல்லை மனசுக்கு ஓர் ஆறுதல்தானா?

---

தராசுமுள் பதில்:

தம்பி, திட்டத்தில் முதலில் வெட்ட வேண்டியது அந்த நாசி லெமாக்கைத்தான்.

கணக்குப் பாருங்கள். சமைத்த சாப்பாடு சாதாரண சூட்டில் 4 மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பது நம் சுகாதார அமைச்சு சொல்கிற விதி. பாசார் மாலாம் நாசி லெமாக்கை மாலை 3, 4 மணிக்கு ஆக்குவார்கள். 8 மணிக்கே கெடு முடிந்துவிட்டது. நீங்கள் 10 மணிக்கு வாங்கி மறுநாள் 8 மணிக்குக் கொடுத்தால் 16 மணி நேரம். அதில் தேங்காய்ப்பால் வேறு.

"காலையில் சூடு பண்ணிக் கொடுப்போம்" என்று நினைப்பீர்கள். உதவாது. அரிசியில் இருக்கும் பாசில்லஸ் செரியஸ் என்ற கிருமியின் வித்து கொதியிலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது அது முளைத்து நஞ்சைக் கக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. கையிலிருந்து பரவும் ஸ்டாஃபிலோகாக்கஸ் நஞ்சும் அப்படித்தான். வாடை, ருசி எதுவும் மாறியிருக்காது. மூக்கை நம்பி இந்த வேலை செய்ய முடியாது.

கிருமி வளர்கிற வெப்பம் 5-லிருந்து 60 டிகிரி வரை. சாப்பாடு அதற்கு மேலே இருக்க வேண்டும், இல்லை கீழே இருக்க வேண்டும். நடுவில் நின்றால் கெடு ஓட ஆரம்பித்துவிடும்.

மண்டபச் சாப்பாடு வேறு கதை. மிஞ்சுவது மத்தியானம், பக்கத்திலேயே ஆட்கள் இருக்கிறார்கள், அன்றைக்கே சாப்பிட்டு முடிக்கலாம். ஆனால் நிபந்தனை உண்டு.

பரிமாறும் வாளிக்குப் போனது வேண்டாம். இலைப்பக்கம் போய்த் திரும்பிய கரண்டி அதில் விழுந்திருக்கும். சமையற்கட்டில் மூடியே இருந்த அண்டா மட்டும் எடுங்கள். குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஐஸ் நிறைய போட்டு நீர் ஊற்றிய கோப்பையில் விட்டால் 0 காட்ட வேண்டும், ஒரு டிகிரி முன்பின் இருக்கலாம். காட்டாவிட்டால் அது காட்டும் எதையும் நம்பாதீர்கள். அண்டாவின் ஓரத்தில் குத்தாமல் நடுவில் குத்துங்கள். 60-க்கு மேல் இருந்தால் எடுக்கலாம். அடுப்பை விட்டு இறக்கின நேரத்தைச் சமையல்காரரிடம் கேட்டு மூடியில் எழுதி ஒட்டுங்கள். சூடு தாங்கும் பெட்டி இல்லையென்றால் அந்த நேரத்திலிருந்து 4 மணி நேரத்துக்குள் சாப்பிடுகிறவர் வாய்க்குப் போயிருக்க வேண்டும். வீட்டு வாசலில் கொடுத்த நேரத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். கொடுக்கும்போதே "இத்தனை மணிக்குள்ள சாப்பிட்டுடுங்க, மிஞ்சினா வைக்காதீங்க" என்று வாயாலும் சொல்லுங்கள். நம் வீட்டுப் பாட்டிமார் ஒரு கைப்பிடி சோற்றையும் கொட்ட மாட்டார்கள், ராத்திரிக்கு எடுத்து வைத்துவிடுவார்கள்.

குளிர வைத்து மறுநாள் தரலாமா என்றால், முறை உண்டு: 5 சென்டிமீட்டருக்கு மேல் ஆழமில்லாத தட்டில் பரப்பி, 60-லிருந்து 21 டிகிரிக்கு 2 மணி நேரத்துக்குள், அங்கிருந்து 5 டிகிரிக்கு இன்னும் 4 மணி நேரத்துக்குள் இறக்க வேண்டும். பிறகு 75 டிகிரிக்குச் சூடாக்கித் தர வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில், வீட்டு ஐஸ் பெட்டியை வைத்துக்கொண்டு 40 பேர் சாப்பாட்டுக்கு இது நடக்காது. அண்டாவோடு வைத்தால் விடிய விடிய வெதுவெதுப்பாகவே இருக்கும்.

சட்டம்: உணவுக் கொடையாளர் பாதுகாப்புச் சட்டம் 2020, சட்டம் 826 என்று இருக்கிறது. நல்ல எண்ணத்தோடு, இலவசமாக, சாப்பிடத் தகுந்த உணவைக் கொடுப்பவருக்குச் சிவில் வழக்கிலிருந்து காப்பு தருகிறது. கெட்டது என்று தெரிந்தே கொடுத்தவருக்கும், அசட்டையாக நடந்தவருக்கும் அது குடை பிடிக்காது. கடைக்காரர் "நமக்கேன் வம்பு" என்று தயங்கினால் இந்தச் சட்டத்தைச் சொல்லுங்கள், பலருக்குத் தெரியாது. நீங்களே சமைத்துக் கொடுக்க ஆரம்பித்தால் உணவு கையாள்வோர் பயிற்சியும் டைபாய்டு ஊசியும் வேண்டும். ஊசி 3 ஆண்டுக்கு ஒரு முறை.

உண்டியலைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகவோ தெருவிலோ காசு வசூலிக்கப் போகாதீர்கள். அதற்குப் போலீஸ் அனுமதி வேண்டும். 1947-லிருந்தே சட்டம் இருக்கிறது.

---

சாவிக்கீரை பதில்:

தராசுமுள் சொன்னதற்கு மேல் சமைத்த சாப்பாட்டைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. பாசார் மாலாமில் நீங்கள் தேட வேண்டியது காய்கறி. கேமரன் மலையிலிருந்து இறங்கும் சாவிக் கீரை, கோபிஸ், தக்காளி, மிளகாய் எல்லாம் மறுநாள் விலை போகாது. வியாபாரிக்கு அதைத் திரும்ப லோரியில் ஏற்றுவதே சுமை.

முதல் வாரமே 40 வீடு வேண்டாம். 10 வீட்டில் தொடங்குங்கள். வீட்டுக்கு 2 கிலோ என்றால் நல்ல காய் 20 கிலோ. மூன்றில் ஒரு பங்கு கழிவாகப் போகும் என்று வைத்துக்கொண்டு 30 கிலோ எடுங்கள். அது மூன்று பாக்குல் (கூடை). 40 வீட்டுக்கு இதே கணக்கில் 120 கிலோ. அதைப் பொறுக்கிப் பிரிக்க ராத்திரி ஒரு மணி ஆகும், மறுநாள் பள்ளிக்கூடம் இருக்கும். மூன்றாம் வாரமே பாதிப்பேர் காணாமல் போவார்கள்.

ஒரே வியாபாரியிடம் முதலில் பேசுங்கள். 9 மணிக்குப் போய் நின்றால் கோபம் வரும், அவருக்கு வியாபாரம் அப்போதுதான். 9.45-க்குப் போங்கள், முதலில் கடையைக் கட்ட ஒரு கை கொடுங்கள். காலி பாக்குலை மறு வாரம் கழுவித் திருப்பிக் கொடுங்கள். பாக்குல் திரும்பாததால்தான் இந்த மாதிரி ஏற்பாடுகள் பெரும்பாலும் முறிகின்றன.

பிரிப்பதை அன்று ராத்திரியே முடிக்க வேண்டும். அழுகின தக்காளி ஒன்று பாக்குல் முழுக்கக் கெடுக்கும். மூன்று குவியல் போடுங்கள்: நாளைக்குக் கொடுக்கலாம், நாளைக்கே சமைத்தாக வேண்டும், குப்பைக்குழி. வாடின கீரையை வீச வேண்டாம். அடித்தண்டை அரை விரல் நறுக்கிக் குளிர்ந்த நீரில் 15, 20 நிமிடம் நிறுத்துங்கள், நிமிர்ந்துவிடும். நிமிராதது, வழவழப்பானது, மஞ்சளானது குழிக்கு. மற்றக் காய்களைக் கழுவாமல் வையுங்கள், ஈரம் பட்டால் அழுகும். கழுவுவது சமைக்கிறவர் வேலை.

வாழைப்பழம், தக்காளி, பப்பாளி பழுக்கும்போது எத்திலீன் என்ற வாயுவை விடும். பக்கத்தில் வைத்த கீரை சீக்கிரமே மஞ்சளாகும். தனி மூலையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டாதீர்கள், உள்ளே வேர்த்துவிடும். ஓட்டை போட்ட பையோ பழைய நாளிதழோ போதும்.

உருளைக்கிழங்கில் பச்சை நிறம் ஏறியிருந்தாலும் நிறைய முளை விட்டிருந்தாலும் எடுக்காதீர்கள், சொலனின் நஞ்சு. பூசணம் பிடித்த கச்சானில் (நிலக்கடலையில்) அஃப்லாடாக்சின் இருக்கும். பிடித்ததைப் பொறுக்கிவிட்டு மிச்சத்தைக் கொடுக்கலாம் என்பது கிடையாது, பையோடு போக வேண்டும். தவ்ஃபூ, அரைத்த தேங்காய், மீன், வெட்டி வைத்த பழம் வேண்டாம். டின் உப்பியிருந்தாலோ, விளிம்பில் நசுங்கியிருந்தாலோ, துருப்பிடித்துக் கசிந்தாலோ வேண்டாம்.

வைக்கிற இடத்தைப் பற்றி ஒன்று. தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். எலி மூத்திரம் பட்டால் லெப்டோஸ்பைரோசிஸ், செம்பனைக்காட்டை ஒட்டின ஊரில் இது சும்மா பயமுறுத்தல் இல்லை. இன்னொன்று, தோட்டத்து ஸ்டோர் பக்கம் கிடக்கும் நீலத் தோம்பு (பீப்பாய்), வெள்ளைக் கேன் எதுவும் உணவுக்கோ தண்ணீருக்கோ கூடாது. களைக்கொல்லி வந்த தோம்பைச் சோப்புப் போட்டுக் கழுவினாலும் பிளாஸ்டிக்கில் ஊறியது போகாது. பாராக்குவாட்டை 2020-லிருந்து தடை செய்துவிட்டார்கள், ஆனால் பழைய தோம்புகள் இன்னும் மழைநீர் பிடித்துக்கொண்டுதான் இருக்கின்றன.

---

பழையகணக்கு பதில்:

இந்தக் காலத்தில் தோட்டத்தில் யார் பட்டினி கிடக்கிறார்கள்? எல்லார் வீட்டிலும் ஆஸ்ட்ரோ டிவி இருக்கிறது. சும்மா படம் எடுத்து பேஸ்புக்கில் போடத்தான் இதெல்லாம்.

---

கிளினிக்வரிசை பதில்:

பழையகணக்கு அண்ணே, படம் எடுக்கக்கூடாது என்பதில் உங்களோடு நானும் ஒத்துப்போகிறேன். வாங்குகிறவர் முகம் ஒரு படத்திலும் வரக்கூடாது. பேர்ப்பட்டியலை வாட்சாப் குழுவில் போடுவதும் கூடாது, வீட்டுக்கு எண் கொடுங்கள், எண்ணுக்குரிய பேர் ஒருவர் நோட்டில் மட்டும் இருக்கட்டும்.

மற்றதில் ஒத்துப்போக முடியாது. பட்டினி என்றால் எலும்பும் தோலுமாகக் கிடப்பது மட்டுமில்லை. 2019 தேசிய சுகாதார ஆய்வில் நம் நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 21.8 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமில்லாமல் இருந்தார்கள். ஐந்தில் ஒரு பிள்ளை. வயிறு நிறையச் சோறும் சோயா சாஸும் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிற பிள்ளையும் அந்தக் கணக்கில் உண்டு.

தம்பி, உங்கள் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். எந்த வீடு என்பதோடு எந்த நாள் என்றும் கேட்க வேண்டும். சம்பளம் மறு மாதம் 7-ஆம் தேதிக்குள் கொடுத்தால் போதும் என்பது வேலைச் சட்டம். அதனால் 20-ஆம் தேதிக்கு மேல்தான் டப்பா காலியாகும். மழை மாதங்களில் வெட்டு குறையும். ரப்பர் இலையுதிர் காலத்தில் பால் குறையும். பள்ளி விடுமுறையில் ஆர்எம்டி நின்றுவிடும். 1979-லிருந்து ஏழைப் பிள்ளைகளுக்கு ஆரம்பப்பள்ளியில் கிடைக்கிற சாப்பாடு அது. விடுமுறை என்றால் அந்தப் பிள்ளைக்கு ஒரு வேளை போயிற்று. வாராவாரம் கொஞ்சம் கொஞ்சம் கொடுப்பதைவிட 20-லிருந்து 6 வரைக்கும் விடுமுறை வாரங்களுக்கும் பலத்தைச் சேர்த்து வையுங்கள்.

இனி, காய்கறி சுமப்பதைவிட உங்கள் வயதுக்காரர்களால் சுலபமாக முடிகிற வேலை ஒன்று. உங்களுக்குப் போனில் பாரம் நிரப்பத் தெரியும், மலாயில் எழுதத் தெரியும். லயத்துப் பாட்டிக்குத் தெரியாது. எஸ்டிஆர் (அரசு ரொக்க உதவி) விண்ணப்பம், இ-காசே (ஏழைக் குடும்பப் பட்டியல்) பதிவு, ஜேகேஎம் (சமூக நல இலாகா) உதவி இந்த மூன்றிலும் வீடு வீடாக யார் விடுபட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். சாரா என்கிற அரசின் அடிப்படைச் சாமான் உதவி மைகார்டில் (அடையாள அட்டையில்) ஏறுகிறது. பதிவான கடையில் அரிசி, முட்டை, ரொட்டி மாதிரிச் சாமானாக வாங்கலாம். கார்டில் பணம் இருப்பதே தெரியாதவர்கள் இருக்கிறார்கள், தெரிந்தும் டவுனுக்குப் போக வண்டி இல்லாதவர்கள் இருக்கிறார்கள். உங்கள் வேன் மாதம் ஒரு நாள் அவர்களைக் கடைக்கு ஏற்றிப்போனால், 2 கிலோ சாவியைவிட அது பெரிது. கார்டை நீங்கள் கையில் வாங்காதீர்கள், ஆளையே கூட்டிப்போங்கள்.

மாவட்ட அலுவலகம் கோலகங்சாரில். போவதற்கு முன் மைகார்டு நகல், சம்பளச் சீட்டு, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், தண்ணீர் அல்லது மின்சாரப் பில், வங்கிப் புத்தகம் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். ஒன்று குறைந்தாலும் ஒரு நாள் கூலி போட்டு மறுபடி வர வேண்டும். பிறப்புப் பத்திரமோ சிவப்பு, நீல அடையாள அட்டையோ இல்லாத பிள்ளை இருந்தால் அதைத் தனியாகக் குறித்துக்கொண்டு முதலில் அதைக் கவனியுங்கள். அது இல்லாமல் வேறெந்த உதவியும் நகராது.

எடை குறைந்த பிள்ளை இருக்கிற ஏழை வீட்டுக்கு அரசு கிளினிக் வழியாக மாதாமாதம் உணவுக்கூடை தருகிற திட்டமும் இருக்கிறது, பிபிகேஇசட்எம் என்பார்கள். அம்மா பிள்ளையைக் கிளினிக் எடைக்குக் கொண்டு போனால்தான் பேர் ஏறும். கொண்டு போக வைப்பது உங்கள் வேலை.

குழந்தைப் பால்மாவு டின்னை நன்கொடையாக வாங்கவோ கொடுக்கவோ வேண்டாம். ஒரு டின் தீர்ந்ததும் வாங்க முடியாமல் தண்ணீர் கூட்டிக் கரைப்பார்கள், அதற்குள் தாய்ப்பாலும் வற்றியிருக்கும். பிள்ளைக்கு டின்பால், அதாவது இனிப்பு கிரீமர், கொடுக்கிற பழக்கம் இன்னும் இருக்கிறது. அதில் இருப்பது சீனியும் செம்பனை எண்ணெயும். கூடையில் வைக்காதீர்கள்.

---

மூணாம்டிவிஷன்:

நன்றி அக்கா. சமைத்ததை விட்டுவிட்டோம். காசு கொஞ்சம் சேர்ந்தால் உலர்ந்த சாமான் கூடை போடலாமா? ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு? மேகி நிறைய கிடைக்கும் போல.

---

தராசுமுள் பதில்:

ஒரு ஆளுக்கு நாளைக்கு 2,100 கலோரி என்பது நிவாரண வேலையில் வைக்கிற அளவு. நான்கு பேருக்கு ஏழு நாள் என்றால் 58,800. கூடையில் இப்படிப் போட்டுப் பாருங்கள்: அரிசி 5 கிலோ (18,000), கோதுமை மாவு 1 கிலோ (3,600), பருப்பு 1 கிலோ (3,400), சமையல் எண்ணெய் 1 கிலோ (8,800), முட்டை 30 (2,100). மொத்தம் 35,900, கிட்டத்தட்ட அறுபது விழுக்காடு. முழுசாகத் தர முயலாதீர்கள். மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அந்த வாரம் மளிகைக் கடனில் எழுதுவது குறைந்தால் போதும். இடம் இருந்தால் நெத்திலி 200 கிராம். உள்ளூர் வெள்ளை அரிசி 10 கிலோ 26 வெள்ளி (ரிங்கிட்), பாக்கெட் எண்ணெய் ஒரு கிலோ 2 வெள்ளி 50 காசு, இரண்டும் கட்டுப்பாட்டு விலை. கிடைக்கும்போது வாங்குங்கள், ஆனால் கடையைத் துடைத்து எடுத்துவிட்டால் பக்கத்து வீட்டுக்காரருக்கு இல்லாமல் போகும்.

மேகி வேண்டாம், உப்பு அதிகம். வருவதைத் தடுக்க முடியாவிட்டால் வீட்டுக்கு இரண்டு பாக்கெட்டுக்கு மேல் வைக்காதீர்கள். ரத்த அழுத்தமும் இனிப்புநீரும் இல்லாத பெரியவர் உள்ள வீட்டைத் தோட்டத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இறைச்சி எதுவும் சேர்க்காமல் இருந்தால் ஹலால் கேள்வியும் எழாது, மாட்டிறைச்சிக் கேள்வியும் எழாது. உங்கள் பட்டியலில் மலாய் வீடு, ஓராங் அஸ்லி (பூர்வகுடி) வீடு, வங்காளதேசத் தொழிலாளி எல்லாரும் வருவார்கள் என்றுதான் நினைக்கிறேன். வர வேண்டும்.

---

கோலாமுக்கு பதில்:

கடைசிக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே.

நம் ஊரில் மிஞ்சிய சாவி சூடானுக்குப் போகாது. 673 மில்லியனில் ஆசியாவில் 323 மில்லியன், ஆப்பிரிக்காவில் 307 மில்லியன். ஆப்பிரிக்காவில் அது ஐந்தில் ஒருவருக்கு மேல். சூடானில் ஜம்ஜம் அகதி முகாமில் 2024 ஆகஸ்டிலும், காசாவில் 2025 ஆகஸ்டிலும் பஞ்சம் என்று அறிவித்தார்கள். அந்தச் சொல்லைச் சும்மா போடுவதில்லை. ஐந்தில் ஒரு வீடு உணவே இல்லாமல் இருக்க வேண்டும், பிள்ளைகளில் 30 விழுக்காட்டினர் கடுமையாக மெலிந்திருக்க வேண்டும், நாளைக்குப் பத்தாயிரம் பேரில் இரண்டு பேர் பசியாலோ பசியோடு வரும் நோயாலோ சாக வேண்டும். இரண்டு இடத்திலும் வழியை மறித்தது போர். அதற்குப் பழைய துணியும் சார்டின் டின்னும் பெட்டி கட்டி அனுப்பாதீர்கள், கப்பல் கூலி சாமான் விலையைத் தாண்டும். கொடுத்தால் பணமாக, உலக உணவுத் திட்டத்துக்கோ யூனிசெஃபுக்கோ கொடுங்கள். மெலிந்த பிள்ளைக்குக் கொடுக்கும் கச்சான் பசை 92 கிராம் பாக்கெட், 500 கலோரி. ஒரு பிள்ளை தேற 150 பாக்கெட் வரை ஆகும்.

ஆனால் தொடர்பே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். 2023 ஜூலையில் இந்தியா பாசுமதி அல்லாத பச்சரிசி ஏற்றுமதியை நிறுத்தியது. இறக்குமதி அரிசி விலை ஏறியதும் எல்லாரும் உள்ளூர் அரிசிக்கு ஓடினார்கள், அந்த 26 வெள்ளிப் பை கடைகளில் மறைந்தது. தடை 2024 செப்டம்பரில்தான் விலகியது.

இன்னொரு கணக்கு. 2022-ல் உலகத்தில் வீணான உணவு 1.05 பில்லியன் டன். அதில் 60 விழுக்காடு வீடுகளிலிருந்து, 28 உணவுக்கடை, மண்டபம் போன்ற இடங்களிலிருந்து, சில்லறை வியாபாரத்திலிருந்து 12தான். பாசார் மாலாம் காய்கறிக் கடைகள் அந்தக் கடைசிப் பன்னிரண்டில். மிஞ்சியதைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட மண்டபத்தில் மிஞ்சாமல் பார்ப்பது லாபம். வாழை இலைச் சாப்பாட்டுக்கு ஆளுக்கு 100-லிருந்து 125 கிராம் அரிசி. 10 கிலோ 80, 100 பேருக்குக் காணும். அழைப்பிதழ் எண்ணிக்கைக்கு ஒரேயடியாக உலை வைக்காமல், முக்கால் பங்கு வடித்துவிட்டு, இரண்டாம் பந்தி உட்காரும்போது ஆளை எண்ணிப் பார்த்து மிச்ச உலை வைக்கச் சொல்லுங்கள். அரிசியாக மிஞ்சியது கெடாது, அதை அப்படியே உங்கள் கூடைக்குக் கேட்டு வாங்கலாம். கோயில் அன்னதானத்திலும் இதேதான். சமையல்காரர் முதலில் முறைப்பார். பொருளாளரிடம் பேசுங்கள், அவருக்குச் சட்டென்று புரியும்.

---

பழையகணக்கு பதில்:

அரிசி விஷயம் சரி. வேனுக்கு ஓட்டுநர் யார்? 16 வயதுக்கு மோட்டோ லைசென்ஸ்தான்.

---

மூணாம்டிவிஷன்:

21 வயது அண்ணன் ஒருவர் ஓட்டுகிறார், லைசென்ஸ் இருக்கிறது. இந்த மாதம் 22-ஆம் தேதி 10 வீட்டோடு தொடங்குகிறோம். தெர்மாமீட்டர் இப்போதைக்கு வாங்கவில்லை, அந்தக் காசுக்கு முட்டை.

---

தராசுமுள் பதில்:

மண்டபத்துப் பக்கம் போகாதவரை சரி. போகிற நாளில் முட்டையைக் குறைத்துத் தெர்மாமீட்டரை வாங்குங்கள்.